நத்தை காலி செய்த தொட்டிகள்

அத்தியாயம் பதினொன்று

அன்று காலை அடுக்களை மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: பெரியவள், கையில் போனோடு. அவள் கணவன், மச்சினன் கொடுத்த தோல் ஜாக்கெட்டோடு. அம்மா, மகன் கொடுத்த ரேடியோவோடு. சின்னவன், கையில் எதுவும் இல்லாமல். அங்கே இல்லாதவள் ஒருத்தி: சின்னவனின் மனைவி.

அவள் ஏன் இல்லை என்பது போன வாரம் வரை கூட வந்தவர்களுக்குத் தெரியும். அதாவது, வீட்டில் பேசிக்கொள்வது தெரியும். ராத்திரி முழுக்க சரக்கு வேன் ஓட்டுகிற வேலையைச் சின்னவன் சொல்லாமல் கொள்ளாமல் விட்டான். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் துணிமணியோடு அக்கா வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தான். வேலையில்லாதவனோடு எவள் இருப்பாள் என்று அம்மா தீர்ப்பு எழுதி முடித்துவிட்டாள். சின்னவன் மேல்முறையீடு செய்யவில்லை.

பெரியவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, பிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸ் தேய்க்கிறவள். மிச்ச நேரத்தில் மீன். அடுக்களை ஜன்னலோரம் ஒரு தொட்டி, அதன்மேல் சின்னவன் கொடுத்த மேசைவிளக்கு. போனில் மீன் வளர்க்கிறவர்களின் குழு ஒன்று. அதைப் பார்த்துக்கொள்கிற இரண்டு அட்மின்களில் அவள் ஒருத்தி. இன்னொருவர், கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் பெயர் கப்பல். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தொட்டியை வைத்துக்கொள்ள முடியாமல் போனால், "இறக்கி வைக்கிறேன்" என்று எழுதுவார்கள். முதலில் "எனக்கு" என்று எழுதுகிறவருக்கு அது போகும். மற்றவர்கள் வரிசையாக "நல்ல மனசு" என்று எழுதுவார்கள். மரியாதை அது. கல்யாண வீட்டு வாசலில் கும்பிடு போடுகிற மாதிரி, கை தானாக எழுதிவிடும்.

நத்தை என்ற ஆள் முந்தாநாள் தன்னிடமிருந்த எல்லாத் தொட்டிகளையும் இறக்கி வைத்தான். வடிகட்டி, விளக்கு, செடி, வலை எல்லாம். குழுவே கொண்டாடியது. பெரியவள் அந்தப் பதிவை எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே ஏற்றிவைத்தாள். "நல்ல மனசு" என்று எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். அந்தக் கருப்பு வால் மீன் எனக்கு என்றும் எழுதினாள்.

இன்று காலை நத்தை இன்னொன்று எழுதியிருந்தான்.

"கடைசித் தொட்டியும் போயாச்சு. இனி யாருக்கும் தண்ணி மாத்த வேண்டியதில்ல. நானும் கிளம்பிடலாம். என்னால யாருக்கும் தொந்தரவு இருக்காது."

கீழே பதில்கள். ஒருவன் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். ஒருத்தி, "எங்க டூர் போறீங்க?" என்று கேட்டிருந்தாள். இன்னொருவன், "அந்த மூலைத் தொட்டி யாருக்குப் போச்சு?" என்று விசாரித்திருந்தான்.

பெரியவள் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

"அழிச்சிடு," என்றாள் அம்மா, ரேடியோவின் காதைத் திருகிக்கொண்டே. "காலங்காத்தால இதெல்லாம் எதுக்கு? பாக்கறவங்களுக்கும் அந்த நினைப்பு வரும்."

"அழிச்சா அந்த ஆளுக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"நீ யாருடி அவனுக்கு? அவனைப் பெத்தவளா?"

கணவன் டீயை ஆற்றினான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதற்கும் பதறமாட்டான், பாதி வழியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துப் பழகியவன். "பேச்சுக் கொடுத்துட்டே இரு. உள்ள இருக்கறவங்களுக்கு அதுதான் முக்கியம். கதவு அப்புறம் திறக்கும்," என்றான்.

சின்னவன் தலையைத் தூக்கவில்லை. "விளம்பரம் அக்கா இதெல்லாம். ஊரக் கூட்டிச் சொல்றான் பாரு. செய்றவன் சொல்ல மாட்டான்."

"உன் வாயில நல்லதே வராதா?"

"உள்ளதச் சொன்னேன்."

அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பெரியவள் பார்க்கவில்லை. அவள் சிரிப்புப் பொம்மையை நீக்கிக்கொண்டிருந்தாள். மூலைத் தொட்டியை விசாரித்தவனின் கேள்வியையும் நீக்கினாள். அதற்குமேல் யாரும் பதில் எழுத முடியாதபடி பூட்டினாள். நத்தை எழுதியதை மட்டும் தொடவில்லை. அதை எழுதிய ஆளின் வாயில் கை வைக்கக் கூடாது என்று தோன்றியது. அந்தச் செயலியை நடத்துகிற நிறுவனத்துக்கே புகார் அனுப்புகிற பொத்தான் ஒன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. அதையும் அழுத்தினாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது சின்னவன் பின்னாலிருந்து கேட்டான்.

"அந்த ஆளு பதில் போட்டா சொல்றியா?"

"உனக்கெதுக்கு? விளம்பரம்னியே."

"சும்மாதான்."

*

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நின்றுகொண்டிருந்தால் எழுதாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

நத்தைக்குத் தனியாக எழுதினாள். முதலில் எழுதியது: "எல்லாம் சரியாயிடும்." அழித்தாள். எது சரியாகும் என்று அவளுக்கே தெரியாது. அடுத்தது: "உங்களுக்கு எவ்வளவு இருக்கு, இப்படிப் பேசலாமா?" அதையும் அழித்தாள். அந்த ஆளிடம் என்ன இருந்தது? தொட்டி இருந்தது. அதையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் இப்படி அனுப்பினாள். "காலையில நீங்க எழுதினதப் படிச்சேன். நான் அட்மின். பயமா இருக்கு, அதனால நேராவே கேக்கறேன். தற்கொலை பண்ணிக்கலாம்னு யோசிக்கிறீங்களா?"

அனுப்பிய பிறகு காது சுட்டது. இல்லாத நினைப்பை நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோமோ? ஆனால் இல்லாத நினைப்பாக இருந்தால் "என்ன உளறல்" என்று திட்டிவிட்டுப் போவான். திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அவன் எழுதுகிறான் என்று காட்டும் புள்ளிகள் வந்தன. போயின. வந்தன. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"ஆமா."

அவ்வளவுதான். அதற்கு அத்தனை நேரம்.

பிறகு: "உங்ககிட்டச் சொல்ல வெட்கமா இருக்கு. நீங்க கருப்பு வால் கேட்டவங்கதானே?"

பெரியவள் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா. அந்த நேரத்துல உங்களைக் கேக்காம மீனைக் கேட்டேன். தப்புதான். இப்ப வீட்டுல தனியாவா இருக்கீங்க?"

"மீன்கூட இல்ல."

"உங்களுக்குன்னு கூப்பிட ஒரு ஆள் சொல்லுங்க."

"அக்கா ஒருத்தி இருக்கா. அவளுக்குத் தெரிய வேண்டாம். நீங்களும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்" என்று எழுதியேவிட்டாள். அதைச் சொன்னால் தொடர்ந்து பேசுவான். சொல்லாவிட்டால் பேச்சை விட்டுப் போய்விடக்கூடும். விரல் அனுப்புகிற இடத்துக்கு மேலேயே நின்றது. ஆனால் சொல்லிவிட்டு, அப்புறம் யாரிடமும் சொல்லாமல், இந்த பஸ்ஸில் இவள் ஒருத்தி மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? அழித்தாள்.

"அந்த ஒண்ணை மட்டும் சொல்ல முடியாது. உங்க உயிர் விஷயம். ஆனா உங்களுக்குத் தெரியாம எதுவும் பண்ணமாட்டேன். யார்கிட்டச் சொன்னாலும் உங்ககிட்டச் சொல்லிடுவேன்."

புள்ளிகள் வந்தன. நின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கி, கடைக்குள் போய், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சாணைக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். கல் சுற்றத் தொடங்கியது. போன் மடியில் கிடந்தது.

"திட்டமாட்டீங்களா?" என்று வந்தது.

"மாட்டேன். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அவன் சொல்லத் தொடங்கினான். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவனுடைய கதை அவனுடையது. ஊருக்குச் சின்னதாகத் தெரியும் விஷயங்கள்தான் நாலைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. அவள் வாதாடவில்லை. "ம்" போட்டாள். "அப்புறம்" என்றாள். ஒரு லென்ஸ் தேய்த்து முடித்தாள். ஓரம் சரியாக வந்தது. மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்போது அவன் ஒரு படத்தை அனுப்பினான். கீழே ஒரே வார்த்தை.

"நீங்களுமா?"

வேறு ஏதோ குழுவின் படம் அது; யாரோ அதை அவனுக்கே அனுப்பிவைத்திருக்க வேண்டும். நத்தையின் காலைப் பதிவு, அவன் முகத்தோடு, அப்படியே அங்கே ஒட்டப்பட்டிருந்தது. மேலே, "இந்த ஆள் யாருன்னு தெரியுமா? எங்க இருக்கான்?" கீழே சிரிப்பு. அதற்கும் கீழே ஒருவன்: "செய்றதா இருந்தா சத்தம் போடாம செய்."

ஒட்டியவனின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வேனின் படம். சின்னவனின் வேன்.

மடியிலிருந்த லென்ஸ் கீழே விழுந்து உடைந்தது.

முன்பக்கத்திலிருந்து கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு உன் கண்ணு எங்கம்மா இருக்கு?"

"அவசரம் சார். ஒரு உயிர் விஷயம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரையை இழுத்துவிட்டுப் போனார்.

*

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"காலையில உன் போனைப் பாத்துப் படம் பிடிச்சு, டிரைவருங்க குரூப்ல போட்டேன் அக்கா," என்றான் சின்னவன் போனில். "ஊர் ஊரா சுத்தறவங்க. எவனுக்காவது தெரிஞ்சிருக்கும், ஓடிப் போய்ப் பாப்பான்னு..."

"யாரக் கேட்டுப் போட்டே? அவன் முகத்தோட? அங்க என்ன எழுதியிருக்கானுங்கன்னு பாத்தியா?"

மறுபக்கம் அம்மாவின் ரேடியோ மட்டும் கேட்டது.

"பாத்தியாடா?"

"இப்பதான் பாத்தேன். அழிச்சிட்டேன்."

"நீ அழிச்சா ஆச்சா? அவனே பாத்துட்டான். எனக்கு அனுப்பியிருக்கான். அதோட பேச்சு நின்னுபோச்சு."

"செத்துட்டானா?"

அந்தக் கேள்வி வந்த வேகம் பெரியவளுக்குப் பிடிக்கவில்லை. "வாயக் கழுவு," என்றாள். "அந்த குரூப் ஆளைக் கூப்பிட்டு, யாரெல்லாம் அதை எடுத்துப் போட்டாங்களோ எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு. ஒவ்வொருத்தனா கூப்பிடு. கெஞ்சு."

"சரி. அக்கா..."

"என்ன?"

"பதில் வந்தா சொல்லு."

வைத்துவிட்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தாலும் விரல் ஓடியது. அவசர எண்ணை அழுத்தினாள்.

எடுத்தவள் ஒரு பெண். அலுவலகக் குரல், ஆனால் அவசரப்படாத குரல். நடந்ததைக் கேட்டாள். "ஆமான்னு அவரே சொன்னாரா?" என்றாள். "சொன்னார்." "இப்ப பதில் இல்ல?" "இல்ல." "வீடு எங்க?"

பெரியவள் இத்தனை வருஷம் அவனோடு தண்ணீரின் சூடு பற்றியும் பாசி பற்றியும் பேசியிருக்கிறாள். அவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தெரியாது.

"யாருக்காவது தெரிஞ்சிருக்கும். யோசிங்க," என்றது குரல்.

யோசித்தாள். தொட்டிகளுக்குக் கால் கிடையாது. யாரோ போய்த்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

ஊசி என்று ஒருத்தி. தையல்காரி. பெரிய தொட்டிக்கு முதலில் "எனக்கு" போட்டவள் அவள்தான். குழுவில் கேட்கவில்லை பெரியவள். கேட்டால் இன்னொரு கூட்டம் கிளம்பும். நேராகக் கூப்பிட்டாள். பின்னணியில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, திருப்பிக் கேக்கறாரா?" என்றாள் ஊசி எடுத்த எடுப்பிலேயே. "அதுல நான் மீன் விட்டுட்டேனேம்மா."

"தொட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். அவர் வீடு எங்க?"

"எதுக்கு? ஏதாவது வம்பா? நான் போனேன், தூக்கிட்டு வந்தேன், அவ்வளவுதான். சிரிச்ச முகமாத்தான் கொடுத்தாரு. படி வரைக்கும் வந்து ஒரு கை பிடிச்சாரு."

"அவர் உயிரோட இருக்கணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

தையல் இயந்திரம் நின்றது.

"சலவைக் கடைக்கு மேல," என்றாள் ஊசி. இப்போது வேறு குரல். "ரெண்டாவது மாடி. பச்சைக் கதவு. அவங்க அக்காவே கீழ அந்தக் கடையிலதான் இஸ்திரி போடறாங்க. நான் தைக்கற துணியெல்லாம் அங்கதான் போகுது. நம்பர் இருக்கு, இருங்க, தரேன்... நான் போகட்டுமா?"

"வேண்டாம். கூட்டம் வேண்டாம். அவங்க அக்கா போதும்."

கீழே. அவன் யாருக்குத் தெரியக் கூடாது என்றானோ, அவள் அவன் தரைக்குக் கீழே நின்று சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

மறுபடி அவசர எண்ணுக்கு அழைத்து, முகவரியை அந்த அவசரக்காரியிடம் சொன்னாள். ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்றது குரல். "அவங்க அக்காவை மேல போகச் சொல்லுங்க. திட்ட வேண்டாம், அழ வேண்டாம், பக்கத்துல உக்காந்தா போதும். எங்க ஆளுங்க வர்ற வரைக்கும் தனியா விட வேண்டாம். நீங்க எழுதிட்டே இருங்க, பதில் வராட்டியும். இன்னொண்ணு. ஆலோசனை சொல்ற ஒரு நம்பர் தரேன், எந்நேரமும் எடுப்பாங்க. குறிச்சுக்குங்க."

"அவருக்கா?"

"அவருக்கும். உங்களுக்கும். இப்படி ஒரு நாள் போனா, சாயங்காலம் உங்களுக்கும் பேசணும்னு இருக்கும்."

சலவைக் கடைக்கு அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். பெரியவள் சொன்னாள். மறுபக்கம் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு படியேறுகிற காலடி. இணைப்பு அறுந்தது.

எழுதினாள். ஒவ்வொன்றாக.

"அந்தப் படத்தைப் போட்டது என் தம்பி. எடுக்க வச்சாச்சு. அங்க எழுதினவங்க உங்களைத் தெரியாதவங்க."

"உங்க அக்காகிட்டச் சொல்லிட்டேன். உதவிக்கு ஆளும் கேட்டிருக்கேன். உங்ககிட்ட மறைக்கல."

"பதில் போட வேண்டாம். நான் இங்கதான் இருக்கேன்."

கல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை. இடையில் சின்னவனிடமிருந்து: "பதில் வந்துச்சா?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "வந்துச்சா அக்கா?" அதற்கும் பிறகு வெறும் கேள்விக்குறி. அவனுக்குப் பதில் எழுத அவளுக்கு மனமில்லை. பண்ணுவதைப் பண்ணிவிட்டு இப்போது என்ன துடிப்பு என்றிருந்தது.

*

சாப்பாட்டு நேரம் தாண்டி அழைப்பு வந்தது. சலவைக் கடை எண்.

"திறந்துட்டான்," என்றாள் அந்தப் பெண். மூச்சு வாங்கியது. "உயிரோட இருக்கான். ஆளுங்க வந்திருக்காங்க, பேசிட்டிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். வரேன்னு சொல்லிட்டான்."

பெரியவள் சாணைக்கல்லை நிறுத்தினாள்.

"நான் கீழதாங்க இருந்தேன்," என்றாள் அந்த அக்கா. "எங்கயும் போகல. இதே இடத்துலதான் நின்னுட்டிருந்தேன். தொட்டியெல்லாம் ஒவ்வொண்ணா படியிறங்கிப் போச்சு, பாத்துட்டுத்தான் இருந்தேன். அப்பாடா, வீட்டைச் சுத்தம் பண்றான், தேறிட்டான்னு சந்தோஷப்பட்டேன். எனக்கும் ஒரு கடிகாரம் கொடுத்தான். வாங்கி மாட்டிக்கிட்டேன்."

"நீங்க மேல போனீங்க. அவர் திறந்தார். இப்ப அதை மட்டும் பாருங்க."

"பேசவே மாட்டேங்கறான். கையை மட்டும் விடமாட்டேங்கறான்."

குழுவில் கப்பல் காத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பதிவையே தூக்கிடலாம்மா. மீன் குரூப்ல இதெல்லாம் எதுக்கு? நாலு பேர் வெளிய போயிட்டாங்க."

"இப்ப தூக்கலாம், அவர் ஆஸ்பத்திரியில இருக்கார். காலையில தூக்கியிருந்தா, எழுதினவருக்கு நாம சொன்ன ஒரே பதில் அதுதான்."

கப்பல் கொஞ்ச நேரம் யோசித்தார். கடலில் நிறைய நாள் இருந்தவர், சட்டென்று திரும்பமாட்டார். "சரி. அப்ப என்ன எழுதறது?"

அவள் எழுதினாள். எழுதியதைக் கப்பல் ஒருமுறை படித்துச் சரி என்றார்.

"நத்தை இப்ப அவரோட ஆளுங்ககூட இருக்கார். என்ன, ஏது, எப்படின்னு யாரும் கேக்க வேண்டாம், அந்தப் பதிவை எங்கயும் பகிர வேண்டாம். அவர் தொட்டிகள எடுத்தவங்க நல்லாப் பாத்துக்குங்க. அது கொடுத்தது இல்ல, பாத்துக்கச் சொன்னது. திருப்பிக் கேட்டா திருப்பிக் கொடுக்கணும். இதைப் படிக்கற உங்கள்ல யாருக்காவது அதே மாதிரி இருந்தா, கீழ இருக்கற நம்பருக்குப் பேசுங்க. எங்களுக்கும் எழுதலாம். சிரிக்கமாட்டோம். இனிமே யாராவது எல்லாத்தையும் இறக்கி வச்சா, 'எனக்கு'ன்னு எழுதறதுக்கு முன்னாடி, ஏன்னு கேப்போம்."

முதல் பதில் ஊசியிடமிருந்து. "பெரிய தொட்டி என்கிட்ட பத்திரமா இருக்கு." பிறகு இன்னொருவர், மூலைத் தொட்டி இங்கே இருக்கிறது என்று. வரிசையாக வந்தது. ஒருவன், "கருப்பு வால் யாருகிட்ட?" என்று கேட்டான். பெரியவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவன் தலையில் ஒன்று போட வேண்டும்போலவும் இருந்தது. இந்த ஆட்கள் மாறமாட்டார்கள்.

சின்னவனுக்கு ஒரு வரி அனுப்பினாள். "உயிரோட இருக்கார்."

உடனே படித்துவிட்டான். காலையிலிருந்து துளைத்தவன் இப்போது ஒரு வார்த்தை எழுதவில்லை.

*

சாயங்காலம் கணவன் வேலையிலிருந்து அப்படியே அவளைக் கூட்டிப்போக வந்தான். தெருவோரம் நின்றிருந்தவனைக் கடை வாசலிலிருந்தே பார்த்தாள். தோல் ஜாக்கெட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு? லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டிருந்த அம்மா ஒருத்தங்க, தம்பி சினிமாவுல இருக்கியான்னு கேட்டாங்க."

பெரியவள் ஜாக்கெட்டையே பார்த்தாள்.

சின்னவன் முதல் சம்பளத்தில் வாங்கியது. கல்யாணத்தன்றும் அதைக் கழற்றமாட்டேன் என்று அடம் பிடித்தான். குளிரோ வெயிலோ, வேனில் ஏறும்போது அது இல்லாமல் ஏறியதில்லை.

"இதை எப்பக் கொடுத்தான்?"

"போன வாரம். நீயும்தான் இருந்தே. நல்ல மனசுடா உனக்குன்னு நீதான் சொன்னே."

சொன்னாள். ஆமாம், சொன்னாள். அம்மாவுக்கு ரேடியோ கொடுத்தபோது அம்மா சொன்னாள். மேசைவிளக்கை அவன் கொண்டுவந்து தொட்டிக்கு மேல் மாட்டியபோது இவளே மறுபடி சொன்னாள். மாட்டிவிட்டு, "மீனுக்கு நல்லா வெளிச்சம் வரும், எனக்கு எதுக்கு," என்றான் அவன்.

தொட்டியெல்லாம் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே இஸ்திரி போட்டவளின் குரல் காதுக்குள் கேட்டது.

செய்றவன் சொல்ல மாட்டான்.

"நடங்க," என்றாள். "வேகமா."

"என்னாச்சு?"

"நடங்க, சொல்றேன்."

சொன்னாள். பாதி தூரம் போனதும் கணவன் ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினான். கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதா, போட்டுக்கொள்வதா என்று தெரியாமல் ஒரு கையை மட்டும் உருவியபடி நடந்தான். அவள் வழி முழுக்கச் சின்னவனுக்கு அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. அம்மாவுக்கு அழைத்தாள். "இருக்கான், முன்னறையில. சட்டை மாத்திக்கிட்டிருக்கான். எங்கயோ கிளம்பறான்போல," என்றாள் அம்மா.

"பேச்சுக் கொடும்மா. நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வை."

"அவன் என் பேச்சை என்னைக்குக் கேட்டான்?"

"கேக்க வேண்டாம். பேசிட்டே இரு."

படியேறினார்கள். இவள் கை வைப்பதற்குள் கதவு திறந்தது. சின்னவன் நிலைப்படியில் நின்றான். சவரம் செய்த முகம். தேய்த்த சட்டை. காலில் ஷூ. பின்னால் அம்மா, தண்ணீர்ச் செம்போடு, என்னவோ சொல்லிக்கொண்டே வந்து நின்றாள்.

"எங்கடா?"

"சும்மா. நடந்துட்டு வரேன்." மாமாவின் ஒரு கை மட்டும் நுழைந்திருந்த ஜாக்கெட்டைப் பார்த்தான். "என்ன மாமா, பிடிக்கலயா?"

"பெருசா இருக்கு மாப்பிள," என்றான் கணவன். பொய். அளவெடுத்த மாதிரி இருந்தது.

பெரியவள் வழியை விடவில்லை. "காலையில ஒண்ணு சொன்னே. செய்றவன் சொல்ல மாட்டான்னு."

"அதுக்கு இப்பத் திட்டப் போறியா? தப்புதான். அந்தப் படத்தை எல்லாரையும் எடுக்க வச்சிட்டேன். ஒருத்தன் காலைத்தான் பிடிக்கல."

"திட்டல. அது உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் சொல்றதுதானே."

"ஜாக்கெட்டை ஏன் கொடுத்தே?"

"மாமாவுக்கு நல்லாருந்துச்சு."

"ரேடியோவ?"

அவன் ஷூவைப் பார்த்தான்.

"விளக்க?"

முகம் தெரியாத ஆளுக்கு விரலால் எழுதிவிட்டாள். கூடப் பிறந்தவனுக்கு நாக்கால் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா வேறு பின்னால் நிற்கிறாள். இருக்கட்டும்.

"தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைக்கிறியாடா?"

அம்மாவின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் தரையில் கொட்டியது. "என்ன கேள்விடி இது?" என்று தொடங்கியவளை, "அத்தை, கொஞ்சம்," என்று கணவன் நிறுத்தினான்.

சின்னவன் சிரிக்கப் பார்த்தான். பாதியில் விட்டுவிட்டான்.

"சில நாள்," என்றான்.

"இன்னைக்கு?"

"காலையில இருந்துச்சு." தொண்டையைச் செருமினான். "அந்த ஆளு பதில் போட்டானா போட்டானான்னு பாத்துட்டே இருந்தேன். அவன் இருந்தா நானும்... என்னவோ அப்படி ஒரு கணக்கு. கிறுக்குத்தனம்தான். இருக்கான்னு நீ எழுதினதும் என்ன பண்றதுன்னு தெரியல. குளிச்சேன். சட்டை மாத்தினேன். அதுக்கப்புறம் எங்க போறதுன்னு தெரியல."

"நல்லவேளை சொன்னே," என்றாள் பெரியவள். வேறெதுவும் வரவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அந்த அவசரக்காரி கொடுத்த எண் திரையிலேயே இருந்தது. "இங்க பேசப் போறோம். நீ பேசு. பேச முடியலன்னா நான் பேசறேன், நீ பக்கத்துல உக்காரு. நாளைக்கு ஒரு டாக்டரப் பாக்கறோம். கடைக்குச் சொல்லிடறேன்."

"அவகிட்டச் சொல்லாதேக்கா."

"யார்கிட்ட?"

"உன் தம்பி பொண்டாட்டிகிட்ட. சொல்லமாட்டேன்னு சொல்லு."

ஒரே நாளில் இரண்டாவது முறை. இந்தத் தடவை எழுதி அழிக்க வேண்டியிருக்கவில்லை.

"அதைச் சொல்ல முடியாதுடா. உனக்குத் தெரியாம சொல்லமாட்டேன். அவ்வளவுதான் முடியும்."

அவன் நிலைக்கட்டையில் சாய்ந்தான். அடுத்த வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு படியேறி வந்தார். நால்வரையும் பார்த்தார், தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்தார், தன் வீட்டுக்குள் போனார்.

"நீங்க எல்லாரும் நினைச்சுட்டிருக்கீங்க, வேலை போனதால அவ போனான்னு," என்றான் சின்னவன், மெதுவாக. "அம்மா ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. அவ அதுக்காகப் போகல. நான் வேலையை விட்டதே அவ போனதுக்கு அப்புறம்தான்."

அம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப எதுக்குப் போனா?"

அவன் படிகளைப் பார்த்தான். கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"உள்ள வந்து சொல்லு," என்றாள் பெரியவள். "ஷூவக் கழட்டு."

அவன் குனிந்தான். கயிற்று முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை, யாரும் நகரவுமில்லை. ஒரு ஷூ. பிறகு இன்னொன்று. கணவன் ஜாக்கெட்டை உருவி அவன் தோளில் போட்டான். சின்னவன் அதை வேண்டாமென்று தள்ளவில்லை.

வெறுங்காலோடு, சிந்திக் கிடந்த தண்ணீரை மிதித்துக்கொண்டு, உள்ளே வந்தான். பெரியவள் அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள். பூட்டு விழுந்தது.